கண் திறந்த படம்

இடது கண் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிட்டது. வலது கண்தான் அடம் பிடித்தது. ஒரு நூல் மேலே ஏற்றினால் கொள்ளுப்பாட்டி யாரையோ முறைக்கிறாள். ஒரு நூல் கீழே இறக்கினால் பஸ்ஸில் தூங்கி வழிகிறவள் மாதிரி சொக்குகிறாள். மவுஸைப் பிடித்திருந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தக் கண்ணை ஒரு பொட்டு ஓரமாகச் சாய்த்து, இமைக்கு மேல் இரண்டு சுருக்கம் இழுத்துவிட்டாள். அவ்வளவுதான். உயிரோடு இருந்தவரை எந்தக் கேமராவையும் கண் திறந்து பார்த்திராத கொள்ளுப்பாட்டி, செத்துப் போய் ஒரு வாரம் கழித்து, திரையிலிருந்து அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அடேங்கப்பா!" பின்னால் டீ டம்ளரோடு முதலாளி நின்றுகொண்டிருந்தார். "நம்ம ஸ்டூடியோவுக்கு வந்தா செத்தவங்களும் முழிச்சுப் பாப்பாங்கன்னு போர்டு எழுதி வெச்சிரலாம் போலிருக்கே! யாரு கண்ணும்மா இது?"

"அவங்க கண்ணுதான் சார். வேற போட்டோல இருந்து எடுத்தேன்."

அண்டப்புளுகு. அது அவளுடைய கண். காலையில் வேலைக்கு வந்ததும் ஜன்னல் பக்கமாக நின்று, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, தன் செல்போனில் தானே எடுத்துக்கொண்ட கண். வெள்ளை விழியில் கொஞ்சம் மஞ்சள் ஏற்றி, இமை முடியைப் பாதியாகக் குறைத்து, சுற்றிலும் தொண்ணூறு வயதுக்கு உண்டான சுருக்கங்களைக் கோடு கோடாக இழுத்து அவள் மெனக்கெட்டது மத்தியானம் வரைக்கும் நீண்டது. சாப்பிடக்கூடப் போகவில்லை.

மூடிய கண்ணைத் திறந்துவிடுவது அந்த ஸ்டூடியோவில் தினப்படி வேலை. இருபது பேர் நிற்கிற படத்தில் இரண்டு பேராவது கண்ணை மூடியிருப்பார்கள். அதே ஆள் கண் திறந்திருக்கிற வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. அப்படி ஒரு படமும் இல்லை என்றால், குடும்பத்துக்குள்ளேயே கைமாற்று. அண்ணனுக்குத் தம்பி கண், அம்மாவுக்கு மகள் கண். இதுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. போட்டோவில் மனிதர்கள் தங்கள் மூஞ்சியைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்பது முதலாளியின் சித்தாந்தம்.

முந்தின நாள் முதலில் தாத்தாவின் கண்ணை வைத்துப் பார்த்தாள். பெற்ற மகன் கண்ணாயிற்றே. ஆனால் கொள்ளுப்பாட்டிக்கு மீசை மட்டும்தான் பாக்கி என்கிற மாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் கண்ணில் எப்போதும் இருக்கிற சந்தேகம் ஒட்டவில்லை. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. பிறந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் சொல்வார்களே, 'கொள்ளுப்பாட்டி கண்ணு அப்படியே இவளுக்கு, உரிச்சு வெச்ச மாதிரி' என்று! அவள் கொடுத்த கண், அவளுக்கே திரும்பிப் போகிறது. இதில் என்ன தப்பு?

எல்லாம் முடிந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி, சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க நினைவுக்குள் தேடினாள். கொள்ளுப்பாட்டியின் மூக்கு இருந்தது. நெற்றித் தழும்பு இருந்தது. பல்லில்லாத சிரிப்பு இருந்தது. கண் இல்லை.

சரி, அலுப்பு, என்று படத்தை பிரிண்டுக்கு அனுப்பிவிட்டாள்.

*

வீட்டில் அவளுக்கு எடிட்டர் என்று பெயர். சித்தி கிண்டலுக்கு வைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சித்தியின் இரட்டை நாடியை ஒற்றை நாடியாக ஆக்கிக் கொடுத்ததற்குக் கிடைத்த பட்டம். கொள்ளுப்பாட்டிக்கும் ஒரு பட்டம் உண்டு: கொள்ளு. நாக்கு புரளாத வயதில் எடிட்டர் வைத்த பெயர் அது. ஒரு குழந்தை சொன்னது வீடு முழுவதும் தொற்றிக்கொண்டு, கடைசியில் பெற்ற மகனான தாத்தாவே 'கொள்ளு சாப்பிட்டாளா?' என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிற வீடு. ஆகவே எடிட்டரை வளர்த்தது கொள்ளுதான். பின்னால் உட்கார்ந்து தலை வாரி விட்டது அவள். பள்ளிக்கூடத்துக்கு மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனது அவள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி, கை சிவந்து போகும், லாரியே வந்து மோதினாலும் குழந்தை ஒரு அங்குலம் நகராது. ராத்திரியில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டதும் அவளோடுதான். எடிட்டரின் குழந்தைப் பருவம் முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பின்னந்தலையில் ஒரு சீப்பு, மணிக்கட்டில் ஒரு பிடி, முதுகில் ஒரு சூடு. கொள்ளு எப்போதும் பின்னால் இருந்தாள், அல்லது பக்கத்தில் இருந்தாள். எதிரில் இருந்தது டிவி.

கொள்ளுவின் பூர்வ கதை என்று வீட்டில் சொல்லப்படுவது இரண்டே வரி. புருஷன் இரும்பு வியாபாரம் பண்ணினார், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் கஷ்டப்பட்டு மகனைப் படிக்க வைத்தாள். என்ன கஷ்டம், எப்படிப்பட்ட கஷ்டம் என்று கேட்டால் தாத்தா செய்தித்தாளை விரித்துக்கொள்வார். கொள்ளுவைக் கேட்டால், "அதெல்லாம் என்னத்துக்குடி இப்போ, போய்ப் படி" என்பாள். யாரும் அதற்கு மேல் துருவியதில்லை. துருவுகிற அளவுக்கு அதில் சுவாரசியம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குடும்பத்துக்குச் சுவாரசியமாக இருந்தது ஒன்றே ஒன்று. போட்டோவில் கொள்ளு கண்ணை மூடிக்கொள்வது. பிறந்தநாள், காலேஜ் பட்டம், புதுவீடு, எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் கொள்ளு கண்ணை இறுக மூடிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். ஃபிளாஷ் இருந்தாலும் மூடுவாள், இல்லாவிட்டாலும் மூடுவாள். அடையாள அட்டை எடுக்க வந்தவர் பத்துத் தடவை முயன்று, கடைசியில் பாதி திறந்த கண்ணோடு சமாதானம் ஆகிவிட்டார். "தூங்குமூஞ்சி கொள்ளு" என்று பிள்ளைகள் கத்தும். கொள்ளுவும் சேர்ந்து சிரிப்பாள்.

பெரியம்மா மகளின் கல்யாணத்தன்று மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் படம் எடுத்தது எடிட்டரேதான். முதல் முறையாகத் தனியாக ஒரு கல்யாணத்தை எடுக்கிறாள். மேடையில் குடும்பமே வரிசை கட்டி நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அடுத்ததாக ஏறக் காத்திருக்கிறார்கள். "எல்லாரும் ரெடி!" என்று அவள் கத்த, கொள்ளுவின் கண் மூடிக்கொண்டது. மறுபடி "ரெடி!" மறுபடி மூடல். நாலாவது தடவையில் எடிட்டருக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"கொள்ளு, என்ன உனக்கு? சின்னக் குழந்தையா நீ? கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கத் தெரியாதா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. கொள்ளு பதறிப்போய், இரண்டு ஆள்காட்டி விரலாலும் தன் கண்ணிமைகளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எடுடி, இப்ப எடு" என்றாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். மணப்பெண், "ஐயோ, ஆல்பத்துல பேய் மாதிரி விழும்" என்றாள்.

"நீ கொஞ்சம் கீழ இறங்கி நில்லு கொள்ளு. அப்புறமா உன்னை மட்டும் தனியா எடுத்துக்கலாம்" என்றாள் எடிட்டர்.

கொள்ளு இறங்கினாள். படியைத் தடவித் தடவி இறங்கி, லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "எனக்கு என்னடி. நீ எடுக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னாப் போதாதா?" என்றாள். பார்த்துக்கொண்டும் நின்றாள், அத்தனை நேரமும், ஒரு கை தூரத்தில். எடிட்டரின் கண் கேமராவுக்குள் இருந்தது. அந்த 'அப்புறமா' வரவே இல்லை.

கடைசி மாதங்களில் கொள்ளு படுக்கையோடு கிடந்தபோது, "இங்க வந்து என் எதிர்ல உக்காரேன்டி கொஞ்சம்" என்று கூப்பிடுவாள். எடிட்டர் உட்காருவாள்தான். செல்போனையும் கூடவே எடுத்துப் போவாள். "ம்... ம்..." என்பாள். அந்த 'ம்'களை இப்போது நினைத்தால் காதோடு சேர்த்து யாரோ அறைகிற மாதிரி இருக்கிறது.

*

படம் வீட்டுக்கு வந்த அன்று எடிட்டரே அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினாள். அப்புறம் அம்மா ஓவென்று அழுதாள். சித்தி எடிட்டரைக் கட்டிக்கொண்டு, "அடியே, அப்படியே நம்மளைப் பாக்கிற மாதிரி இருக்குடி. கண்ணு பேசுது, பாரேன்!" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "எங்க அத்தைக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடும்மா" என்று முன்பதிவு செய்துவிட்டுப் போனாள். அவளுடைய அத்தை உயிரோடுதான் இருக்கிறாள்.

தாத்தா படத்தின் முன்னால் வந்து நின்றார். பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெற்ற மகன். எழுபது வருஷம் பார்த்த கண். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரியவில்லை. மறுநாள் காலையில் எழுந்து வந்தவள் கண்டது, தாத்தா சாப்பாட்டு மேஜையின் நாற்காலியைத் தூக்கி வந்து படத்துக்கு எதிரில் போட்டுக்கொண்டு, அண்ணாந்து, கிசுகிசுவென்று எதையோ சொல்லிக்கொண்டிருந்ததை. அவள் வருவது தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அதற்கடுத்த நாளும் அதே நாற்காலி, அதே கிசுகிசு. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனிதர், இப்போது அந்தக் கண்ணோடு தினமும் பேசினார். பேசிவிட்டு எழுந்திருக்கும்போது முகம் கழுவினவர் மாதிரி தெளிந்திருந்தார்.

"பாத்தியா, உன் புண்ணியம்" என்றாள் அம்மா. "எங்கப்பா ராத்திரியில தூங்குறாருடி இப்பல்லாம்."

எடிட்டர் பெருமையாக நின்றாள். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு சின்ன முள். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய கண்ணே அவளைப் பின்தொடர்ந்தது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்த அதே கண், வெளியே வந்தால் சுவரில். நாலைந்து நாளில் அவள் கூடத்தைத் தலை குனிந்தபடி கடக்கப் பழகியிருந்தாள்.

அப்போதுதான் தம்பித்தாத்தா வந்து சேர்ந்தார்.

*

தம்பித்தாத்தா என்றால் கொள்ளுவின் கூடப்பிறந்த தம்பி. கொள்ளு அவரை 'தம்பி' என்று கூப்பிட, வீடும் அதையே பிடித்துக்கொண்டது. அக்கா இறந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தேறி எழுந்ததும் யார் பேச்சையும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார். எண்பது வயதில், தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றவரைப் பார்த்ததும், எழுபது வயதுத் தாத்தா, "வாங்க மாமா" என்று எழுந்து நின்றது பார்க்க வேடிக்கையாக இருந்தது.

"உக்காரு மருமகனே, உக்காரு. நீயும் கிழவனாயிட்ட, இன்னும் என்ன மரியாதை" என்றவர், பையை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராகப் படத்தின் முன்னால் போனார். பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். விலகி நின்று பார்த்தார்.

"எடிட்டர் கைவேலை தாத்தா" என்றாள் சித்தி. "எப்படி இருக்கு? உயிரோட நிக்கிற மாதிரி இல்ல?"

"ம். நல்லா இருக்கு" என்றார் அவர். அப்படிச் சொன்ன விதத்தில் ஒன்றுமே நல்லா இல்லை.

சாப்பிடக் கூப்பிட்டபோது, படத்தின் கீழே போட்டிருந்த நாற்காலியை விட்டு எழுந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். "காத்து வேணும்" என்றார். எல்லோரும் நம்பினார்கள். எடிட்டர் மட்டும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். டம்ளருக்கு நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"அட!" என்றார். "உள்ள சுவத்துல மாட்டியிருக்கிற கண்ணு இங்க நடந்து வருது!"

டீ கொஞ்சம் தளும்பி அவள் விரலில் கொட்டியது.

"தாத்தா, மெதுவா..."

"நீதானா அது? அதானே பாத்தேன். மூக்கு அக்கா மூக்கு, வாய் அக்கா வாய், நடுவுல இது யாருடா புதுசா எட்டிப் பாக்குதுன்னு."

"எல்லாரும் சொல்லுவாங்க தாத்தா... எனக்கு கொள்ளு கண்ணுன்னு. அதான்..."

"எவன் சொன்னான்? உன் கண்ணு உங்கப்பன் வீட்டுக் கண்ணு. அக்கா முழி கறுப்பே கிடையாது. தேன் கலரு. வெயில்ல நின்னா அடி தெரியும், கண்ணாடிப் பாட்டில் மாதிரி. இமையில ஒரு முடி இருக்காது, எல்லாம் பொசுங்கிப்போச்சு. இடது கண்ணுல, முழிக்குப் பக்கத்துல, எள்ளு மாதிரி ஒரு பழுப்புத் தழும்பு. பொறி பட்டது." அவர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நீ அவகிட்ட வளந்த பிள்ளைதானே? பாத்ததில்ல?"

கேள்வியில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. தேன் கலர். இமை முடி கிடையாது. அவள் இருந்ததில் பாதியைக் குறைத்தாளே, என்ன கரிசனத்தோடு குறைத்தாள்!

"பொறின்னா... என்ன பொறி?"

"வெல்டிங் பொறிதான். வேற என்ன?"

"கொள்ளுத்தாத்தாவுக்கு இரும்பு வியாபாரம்தானே?"

தம்பித்தாத்தா சிரித்தார். "அப்படியா சொல்லி வெச்சிருக்கான் உங்க தாத்தன்? வியாபாரமாம்! தெருவோரத்துல தகரக் கொட்டகை, அதுல ஒரு வெல்டிங் மெஷின். கேட்டு, ஜன்னல், கட்டில் கால், எது வந்தாலும் ஒட்டித் தர்ற பட்டறை. மாமா, அதான் உங்க கொள்ளுத்தாத்தா, ஒட்டுவார். அக்கா பிடிப்பா. எடுபிடிக்கு நான்."

"பிடிப்பான்னா?"

"ரெண்டு கம்பியை ஒட்டணும்னா யாராவது ஒருத்தர் அசையாமப் பிடிச்சுக்கணுமில்ல? கை ஒரு மயிரிழை ஆடினா கேட்டு கோணலாப் போயிடும். அக்கா பிடிச்சா மலை பிடிச்ச மாதிரி. ஆனா கறுப்புக் கண்ணாடி ஒண்ணே ஒண்ணுதான் பட்டறையில. அதை ஒட்டுறவர் போட்டுக்குவார். பிடிக்கிறவ என்ன பண்ணுவா? அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால பாத்தா ராத்திரி பூரா கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். அதனால மாமா வெல்டிங் ராடைக் கிட்டக் கொண்டுபோனதும் சத்தமா ஒரு குரல் கொடுப்பார், 'ரெடி'ன்னு. அக்கா டக்குனு கண்ணை இறுக்கி மூடிக்குவா. ஒரு நாள் குரல் கொடுக்க மறந்துட்டார். அன்னைக்குப் பட்டதுதான் அந்தத் தழும்பு. அதுக்கப்புறம் அந்த வார்த்தை காதுல விழுந்தாப் போதும், சோறு தின்னுக்கிட்டிருந்தாலும் கண்ணு மூடிக்கும். மாமா போன பின்னாடி நான் ஒட்டினேன், அவ பிடிச்சா. நானும் அதே குரல்தான் கொடுத்தேன்."

எடிட்டர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரெடி. எத்தனை கேமராவுக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அவளே சொல்லி அவளே மூட வைத்து, மூடினதற்காக அவளே ஊர் பார்க்கத் திட்டி, மேடையை விட்டு இறக்கி... மாப்பிள்ளை வீட்டாரின் சிரிப்பு அப்போதுதான் நடக்கிற மாதிரி காதில் கேட்டது.

"ஒரு தடவை அவளுக்குன்னே ஒரு கண்ணாடி வந்துச்சு" என்றார் தம்பித்தாத்தா, தெருவைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்ச நாள் போட்டா. அப்பதான் முதல் முதலா கண்ணைத் தொறந்து வேலை பாக்கிறா. என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, உள்ள இரும்பு பாகு மாதிரி ஓடுதுடா. இவ்ளோ வருஷமா என் கைக்குள்ள இதுவா நடந்துச்சு? எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா'ன்னா. குழந்தை மாதிரி. அப்புறம் ஒரு நாள் அது காணாமப் போச்சு. மாமா குதிகுதின்னு குதிச்சார். அக்கா எவன் எடுத்தான்னு கேக்கவே இல்ல. 'விடுங்க, எனக்கு மூடித்தான் பழக்கம்'னுட்டா."

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை அவள் கையில் கொடுத்தார்.

"நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன், பாப்பா. நீ கெட்ட எண்ணத்துல பண்ணல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அக்கா கண்ணு எப்படி இருக்கும்னு தெரிஞ்சவன் இன்னைக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். நானும் போயிட்டேன்னு வை, அப்புறம் அந்தச் சுவத்துல இருக்கிறதுதான் நிஜம்னு ஆயிடும்."

*

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்கு அந்த வழி நன்றாகவே தெரிந்தது. தம்பித்தாத்தா மறுநாள் பஸ் ஏறிவிடுவார். அம்மாவுக்கு நிம்மதி, தாத்தாவுக்குத் தூக்கம், சித்திக்குப் பெருமை. ஒரு பொய், அதனால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. பால்கனியிலிருந்து கூடத்துக்குள் காலை வைக்கிற வரைக்கும் அவள் அந்தப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே தாத்தா தன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக அசைந்தது. அவர் பார்ப்பது தன் கண்ணை என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது, யாரோ ஒருவர் உடை மாற்றுவதை ஒளிந்து நின்று பார்ப்பது போல.

"தாத்தா, அது கொள்ளு கண்ணு இல்ல."

சொல்லியாகிவிட்டது. அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு திரும்பினாள்.

"எந்தப் படத்துலயும் அவ கண்ணு கிடைக்கல. அதனால என் கண்ணை எடுத்து வெச்சேன். என்னோடதுதான் அது. மன்னிச்சிருங்க. நான் இப்பவே எடுத்துடறேன்."

"ஏய், போடி லூசு" என்று சிரித்தாள் சித்தி. அவளோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை. சிரிப்பு பாதியில் நின்றது. சித்தி படத்தைப் பார்த்தாள், எடிட்டரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தாத்தா எழுந்தார்.

"அப்ப..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்ப இத்தனை நாளும் நான் உன்கிட்டயா பேசிக்கிட்டிருந்தேன்?"

"தாத்தா..."

"எங்கம்மா மூஞ்சியை நிமிந்து பாத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? பாக்க மாட்டேன் நான். எட்டு வயசுல ஒரு தப்புப் பண்ணினேன். அவளுக்குன்னு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினாங்க. வெல்டிங்குக்கு. அது வழியா சூரியனைக் காட்டறேன் வாங்கடான்னு சவடால் விட்டு, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனேன். ஒடைஞ்சு போச்சு. வந்து சொல்லல. எங்கம்மா கேக்கல. என்னை ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் அந்தக் கண்ணை எப்படிப் பாக்கறது? பட்டறை இருக்கிற தெருப்பக்கமே போகாம வளந்தேன். ஹாஸ்டல், காலேஜ், வேலைன்னு... உங்க எல்லார்கிட்டயும் வியாபாரம்னு சொல்லி வெச்சேன்." பால்கனிக் கதவருகே தம்பித்தாத்தா வந்து நிற்பதை அவர் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. "நீ இந்தப் படத்தைக் கொண்டுவந்த அன்னைக்குத்தான் முதல் தடவையா தைரியம் வந்துச்சு. அந்தக் கண்ணு கோவமில்லாமப் பாத்துச்சு. அதனால சொன்னேன். தினம் சொன்னேன். நான்தாம்மா ஒடைச்சேன், நான்தாம்மான்னு. சொல்லச் சொல்ல, சரி விடுடான்னு அது பாக்கிற மாதிரியே இருந்துச்சு..."

கோவமில்லாத அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று எடிட்டருக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழவேண்டுமே என்று முகவாயைத் தாழ்த்தி நின்றபோது வந்தது. அந்த நேரத்தில் அவள் கொள்ளுவைப் பற்றிக்கூட நினைத்திருக்கவில்லை. படம் ஆடாமல் விழவேண்டும், அவ்வளவுதான் நினைத்தாள்.

அவள் தாத்தாவின் நாற்காலியையே சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு அதில் ஏறினாள். நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஏறியதும் ஆடியது. ஆணியிலிருந்து சட்டத்தைத் தூக்க, பின்னாலிருந்த கம்பி சிக்கிக்கொண்டு, ஒரு தம் பிடித்து விடுவித்ததும் மொத்தப் பாரமும் கையில் இறங்கியது. நினைத்ததைவிட கனம். விழாமலிருக்க மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பினாள்.

தாத்தா கிட்டே வந்திருந்தார். வாங்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் கையை நீட்டவில்லை. அண்ணாந்து, முதலில் அவள் மார்போடிருந்த படத்தின் கண்களைப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே, அவள் முகத்தில் இருந்த கண்களை. கீழே ஒரு ஜோடி, மேலே ஒரு ஜோடி. எதில் நிலைப்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்த அவர் பார்வை, கடைசியில் மேலே வந்து நின்றது.

"நான் சொன்னது எல்லாத்தையும் இந்தக் கண்ணுதானே கேட்டுச்சு" என்றார். "அப்ப நீயே சொல்லும்மா. அவ என்னை மன்னிச்சு விட்டுட்டாளா?"

அவளுக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முடியவில்லை. நீர் கட்டிக்கொண்டு உறுத்தியது. ஒரு தடவை இமைத்தால் போதும், உருண்டு விழுந்துவிடும். தாத்தா இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார், பதிலுக்காக, எட்டு வயதுப் பையன் மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. அவள் காலடியில் நாற்காலியின் குட்டைக் கால் தரையைத் தொட்டும் தொடாமலும் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.